விற்பவரின் மௌனம்: பழைய மோட்டார்ஹோமும் வாய்மை என்னும் அறமும்

ஒரு பொருளின் குறையை நன்கறிந்த ஒருவர், அதைப் பற்றி ஒரு பொய்யும் கூறாமல், யாரும் கேட்கவில்லை என்ற காரணத்தால் வாய் திறவாமல் இருந்து அப்பொருளை விற்றுவிடுவாராயின் அவர் வாய்மை தவறியவர் ஆவாரா என்பது, அறநூல்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்விகளுள் ஒன்று. தானியம், குதிரை, வீடு என்று காலந்தோறும் வெவ்வேறு சரக்குகளை முன்னிறுத்தி இக்கேள்வி எழுப்பப்பட்டுள்ளது. இன்று பினாங்குத் தீவில் கைமாறும் பழைய மோட்டார்ஹோம் அதே கேள்வியை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு, தன் எஞ்சினாலேயே ஓடும் வீட்டு வண்டியாகும். அது வண்டியாகவும் வீடாகவும் ஒருங்கே இருப்பதால், குதிரையை விற்பவருக்கு உரிய பொறுப்பும் வீட்டை விற்பவருக்கு உரிய பொறுப்பும் அதை விற்பவர்மேல் சேர்ந்தே விழுகின்றன.

இக்கேள்வியை ஆராய்வதற்கு ஜார்ஜ் டவுன் மிகப் பொருத்தமான நகரம். முன்பு பிட் தெரு என்று வழங்கிய ஒரே சாலையை ஒட்டி, 1801-ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும், சீனர் வழிபடும் குவான் யின் கோயிலும் நிற்கின்றன. அடுத்துள்ள குயீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. 1786-இல் துறைமுகம் தொடங்கிய நாள்முதல் தமிழ் முஸ்லிம் வணிகரும் செட்டியாரும் சீனரும் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் இங்கே ஒருவரோடொருவர் விலை பேசியிருக்கின்றனர். வாங்குபவரும் விற்பவரும் ஒரே வேதத்தை ஓதாத சந்தையில், ஒருவர் மற்றவரிடம் எந்த அளவு உண்மையை உரிமையோடு எதிர்பார்க்கலாம் என்பது இந்நகரின் அன்றாட வாழ்க்கையோடு பிணைந்த கேள்வி.

மறைந்து நிற்கும் குறை

அறக்கேள்விக்குள் புகுமுன், குறை எவ்வாறு மறைகிறது என்பதை அறிந்துகொள்வது இன்றியமையாதது. விற்பனைக்கு வரும் பழைய மோட்டார்ஹோம்கள் பொதுவாக இருவகைப்படும். தொழிற்சாலையிலேயே வீட்டு வண்டியாகக் கட்டப்பட்டு வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானவை ஒருவகை. சாதாரண வேனை வாங்கி, உள்ளே மரவேலை செய்து மாற்றிக்கொண்டவை மற்றொரு வகை. முதல் வகையைச் சேர்ந்த பழைய வண்டிகளில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே அமையும் அறையின் சுவர் பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே அலுமினியத் தகடோ கண்ணாடியிழைத் தகடோ இருக்கும். உள்ளே அழகிய தாள் ஒட்டிய மெல்லிய பிளைவுட் பலகை இருக்கும். இரண்டுக்கும் நடுவே மரச்சட்டமும் வெப்பம் தடுக்கும் நுரையும் இருக்கும். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, கூரைச் சாளரம், பக்கச் சன்னலின் ரப்பர், வெளிப்பந்தலைப் பொருத்திய திருகாணித் துளைகள் ஆகிய எல்லா இடங்களிலும் நீர் புகாதபடி பசை பூசி அடைத்திருப்பார்கள். ஆண்டுகள் செல்லச்செல்ல அப்பசை வெயிலில் இறுகி வெடிக்கிறது. சாலையில் ஓடும்போது வண்டியின் உடல் முறுக்குண்டு நெகிழ்வதால் வெடிப்பு இன்னும் விரிகிறது. மழைநீர் துளித்துளியாக உள்ளே இறங்கி மரச்சட்டத்தில் ஊறுகிறது.

அந்நீர் இரண்டு தகடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்வதால் எளிதில் உலர்வதில்லை. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் மிகுந்த பினாங்கில் உலர்வது மேலும் கடினம். மரம் உள்ளேயே உளுத்துப்போகும் அதே வேளையில், உள்சுவரின் தாள் பல ஆண்டுகள் மாசின்றித் தோற்றமளிக்கக்கூடும். பெருவிரலால் அழுத்தும்போது மூலையில் ஒரு மென்மை, அலமாரிக்குள் ஒரு பூஞ்சை வாடை, சன்னலின் கீழ் விளிம்பில் தாள் இலேசாகப் புடைத்திருத்தல் என்று அடையாளங்கள் மிகத் தாமதமாகவே வெளிப்படும். இதைக் கண்டறியப் பயன்படும் ஈரமானி என்னும் சிறு கருவி, இரண்டு ஊசிகளுக்கிடையே மரம் மின்சாரத்தை எந்த அளவு கடத்துகிறது என்பதைக் கொண்டு ஈரத்தை விழுக்காடாகக் காட்டுகிறது. குளிர்நாடுகளில் 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நன்று, 20-ஐத் தாண்டினால் ஐயம், 30-ஐ எட்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி என்று பொதுவாகக் கொள்கின்றனர். பினாங்கின் காற்றில் கெடாத மரமே 15-ஐ ஒட்டி நிற்கக்கூடும் என்பதால், ஒரே சுவரின் பல இடங்களை அளந்து, ஓரிடத்தில் மட்டும் அளவு சட்டென உயர்கிறதா என்று ஒப்பிடுவதே இங்கே தக்க முறை.

மற்றக் குறைகளும் இதே இயல்பின. டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்கள் அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2316 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் என்பது பொருள். மோட்டார்ஹோம் குறைவாக ஓடி நெடுநாள் நிற்கும் வண்டியாதலால், டயரின் வரிப்பள்ளங்கள் புதியவை போல ஆழமாக இருக்க, ரப்பர் மட்டும் முதுமையடைந்திருக்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. இறுகிய குழாயிலிருந்து கசிந்தால் தரையை ஒட்டித் தேங்கும். அடுப்போ நீர்ச்சூடேற்றியோ சரியாக எரியாதபோது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. மூடிய சிறு அறையில் உறங்குபவரின் உயிரையே வாங்கவல்லது. வண்டியின் உடைமையை மாற்றுவதற்குமுன் புஸ்பகோம் போன்ற ஆய்வு நிலையத்தில் எஞ்சின் எண், சேசிஸ் எண், பிரேக், அடிப்பகுதி, புகை முதலியன பார்க்கப்படுகின்றன. சாலைக்கு ஏற்ற வண்டிதானா என்பதே அவ்வாய்வின் நோக்கம்; குடும்பம் உறங்குவதற்கு ஏற்ற வீடுதானா என்பதை அது ஆராய்வதில்லை.

அளவைகள் எட்டும் எல்லை

ஒன்றை எவ்வாறு உறுதியாக அறிகிறோம் என்பதை இந்தியத் தத்துவ மரபு அளவை என்னும் தலைப்பில் ஆராய்கிறது. அளவையாவது, ஐயமும் திரிபும் நீங்கிய அறிவைத் தரும் வழி. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் சுபக்கம் அளவை ஆராய்ச்சியோடுதான் தொடங்குகிறது. பிறர் கூறும் பத்து அளவைகளையும் குறிப்பிட்டு, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று அந்நூல் முடிவுசெய்கிறது. காண்டல் என்பது பொறிகளால் நேரே அறிவது. கருதல் என்பது புகையைக் கொண்டு நெருப்பை அறிவது போல, பிரியாத் தொடர்புடைய ஓர் அடையாளத்தால் மறைந்துள்ளதை அறிவது. உரை என்பது நம்பத்தக்க மொழியால் அறிவது. சைவ சித்தாந்தத்தில் உரை என்பது முதன்மையாக இறைவன் அருளிய நூலைக் குறிக்கும். ஆயினும் நியாய மரபு அதை உலக வழக்குக்கும் உரியதாக விரித்துரைக்கிறது.

பழைய வண்டியை ஆராய்பவர் இம்மூன்றையுமே கையாள்கிறார். கூரையின் வெடிப்பைக் காண்பது காண்டல். பூஞ்சை வாடையைக் கொண்டு சுவருக்குள் ஈரம் இருப்பதாக முடிவுசெய்வது கருதல். முன்னைய உடைமையாளர் சொல்வதை ஏற்பது உரை. இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. சுவரில் கறை இல்லை என்பதைக் கண்டவுடன் கசிவும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகின்றனர். ஒன்று தென்படாமையால் அது இல்லை என்று எப்போது முடிவுசெய்யலாம் என்பதை நம் தருக்க நூலார் நுட்பமாக வரையறுத்துள்ளனர்: இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்னும் நிலைமை இருக்கும்போது மட்டுமே, தென்படாமை இன்மைக்குச் சான்றாகும். வெளிச்சமுள்ள அறையில் குடம் காணப்படாவிட்டால் அங்கே குடம் இல்லை. இருட்டறையில் காணப்படாமை எதையும் நிறுவாது. இரு தகடுகளுக்கு நடுவே உள்ள மரம் இருட்டறையில் உள்ள பொருளே. ஈரமானி அவ்வறையில் சிறிது வெளிச்சம் தருகிறது. ஊசி எட்டாத இடமும், சோதித்த நாளில் மட்டும் உலர்ந்திருந்த இடமும், பத்தாண்டுக்கு முன் விபத்தில் அடிபட்டுச் சீராக்கப்பட்ட சேசிஸும் அப்போதும் இருட்டிலேயே இருக்கும்.

காண்டலும் கருதலும் நின்றுவிடும் அந்த எல்லையில்தான் உரை தவிர்க்கவியலாததாகிறது. நியாய சூத்திரம் நம்பத்தக்கவரின் மொழியை அளவையாகக் கொள்கிறது. அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், அத்தகையவருக்கு இருவகைத் தகுதிகளைக் கூறுகிறார். பொருளை அவர் நேரே அறிந்திருக்க வேண்டும். அறிந்தவாறே பிறர்க்கு அறிவிக்கும் விருப்பம் உடையவராக இருக்க வேண்டும். இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒரேபடியாகப் பொருந்தும் என்று அவர் சேர்த்துரைப்பது பெரிதும் எண்ணத்தக்கது. நம்பத்தக்கவராதல் குலத்தாலும் சமயத்தாலும் வருவதன்று என்பது அதன் உட்பொருள். வண்டியைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவரிடம் முதல் தகுதி ஏற்கனவே உள்ளது. எந்த மழையில் எந்த மூலை ஒழுகியது, எந்தக் கோடையில் எஞ்சின் சூடேறி நின்றது என்பவற்றை உலகில் அவர் ஒருவரே அறிவார். இரண்டாம் தகுதி அவருடைய மனத்தைப் பொறுத்தது. அவர் மறைக்க எண்ணினால், வாங்குபவருக்கு எஞ்சியிருந்த ஒரே அறிவு வழியும் அடைபடுகிறது. ஆகவே வாய்மை என்னும் கடமை வெளியிலிருந்து வணிகத்தின்மேல் ஏற்றப்பட்ட சுமையன்று. ஒருவர் அறிவு முழுவதும் மற்றவர் சொல்லைச் சார்ந்து நிற்கும் நிலைமையிலிருந்தே அது பிறக்கிறது.

குதிரையும் மகளும்: சட்டம் வரையும் கோடு

பினாங்கில் இவ்வணிகத்தை ஆளும் சட்டத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1807-ஆம் ஆண்டு அரச சாசனத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் இத்தீவில் நுழைந்தது. மலாய் மாநிலங்களுக்கென இயற்றப்பட்ட 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த பினாங்குக்கும் மலாக்காவுக்கும் தொடக்கத்தில் செல்லவில்லை; 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அது இங்கும் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவரே விழிப்பாக இருந்துகொள்ள வேண்டும் என்பதே அச்சட்டத்தின் 16-ஆம் பிரிவின் அடிப்படை. தன் தேவையைத் தெரிவித்து விற்பவரின் திறமையை நம்பி வாங்குபவருக்கும், அவ்வகைச் சரக்கில் தொழில் செய்யும் வணிகரிடம் வாங்குபவருக்கும் சில பாதுகாப்புகளை அது தருகிறது. ஆயினும் வாங்குபவர் பொருளைப் பார்த்துச் சோதித்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அப்பாதுகாப்பு இல்லை. தம் சொந்த வண்டியை விற்கும் தனியாளிடம் வாங்குபவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இன்னும் குறைவு.

மௌனத்தைப் பற்றி நேராகப் பேசுவது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றியதாகையால், தமிழ்நாட்டிலும் பினாங்கிலும் இப்பொருளில் ஏறத்தாழ ஒரே நெறியே செல்கிறது. வெறும் மௌனம் மோசடியாகாது. ஆனால் பேச வேண்டிய கடமை உள்ள சூழ்நிலையிலும், மௌனமே பேச்சுக்கு ஒப்பாகும் சூழ்நிலையிலும் அது மோசடியாகும் என்று கூறி, அப்பிரிவு ஒரு குதிரையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. குதிரைக்கு நோயுண்டு என்று தெரிந்தும் ஒருவர் ஏலத்தில் அதை அயலாருக்கு ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது மோசடியன்று. வாங்குபவர் அவருடைய மகளாகவும், அப்போதுதான் உரிய வயதை எட்டியவராகவும் இருந்தால், அந்த உறவினால் தந்தைக்குச் சொல்லும் கடமை உண்டாகிறது. வாங்குபவர், மறுத்துரைக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்வேன் என்று சொல்ல, விற்பவர் பேசாதிருந்தால் அம்மௌனம் பேச்சாகவே கருதப்படும்.

இம்மூன்று காட்டுகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. குதிரை மூன்றிலும் ஒன்றே, நோயும் ஒன்றே, விற்பவர் அறிந்ததும் ஒன்றே. முதலாவதிலிருந்து இரண்டாவதைப் பிரிப்பது உறவு. முதலாவதிலிருந்து மூன்றாவதைப் பிரிப்பது கேள்வி. சட்டம் எல்லோருக்கும் பொதுவான குறைந்த அளவை மட்டும் வரையறுப்பதால், அயலாருக்கும் மகளுக்கும் இடையே கோடு கிழிப்பது அதற்கு இயல்பு. அறத்தின் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது: மகளுக்குச் சொல்ல வேண்டியதை அயலாருக்குச் சொல்லாமல் விடுவதற்கு உண்மையில் என்ன நியாயம் உண்டு?

இந்நகரிலேயே 1969-ஆம் ஆண்டு தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இக்கேள்வியைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. அதைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய எஸ். எம். முகமது இத்ரிஸ் (1926–2019) தமிழ் முஸ்லிம் சமூகத்திலிருந்து வந்தவர். வாங்குபவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்னும் எண்ணம் இன்று இந்நாட்டில் வேரூன்றியிருப்பதில் இத்தகைய இயக்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வணிகரிடம் வாங்குபவர் முறையிடுவதற்கெனத் தனித் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்தியது.

நான்கு மரபுகளின் விடை

ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 44-இல் எழுதிய கடமைகள் குறித்த நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீட்டை விற்பவரைப் பற்றி ஆராய்கிறார். அவ்வீட்டின் மரங்கள் கெட்டவை, அறைகளில் பாம்புகள் வருகின்றன. உடைமையாளரைத் தவிர வேறு எவருக்கும் அது தெரியாது. சொல்லாமல் விற்பது தகுமா என்னும் கேள்விக்கு இரண்டு ஸ்தோயிக்கத் தத்துவ அறிஞர்கள் வெவ்வேறு விடை தந்தனர் என்று அவர் எழுதுகிறார். மறைப்பது வேறு, சொல்லாதிருப்பது வேறு; வாங்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது பாபிலோனிய டயோஜெனஸின் வாதம். மனிதர் யாவரும் ஒரே சமூகத்தின் உறுப்பினர்; ஒருவரை அறிந்தே தவறில் விழவிடுவது, வழி கேட்பவருக்கு வழிகாட்ட மறுப்பதைவிடத் தீயது என்பது அவர் மாணவர் ஆண்டிபேட்டரின் வாதம். சிசரோ மாணவரின் பக்கமே தீர்ப்புச் சொன்னார்: அறிவதால் பயன்பெறக்கூடியவரை, தன் ஆதாயத்துக்காக அறியாமையிலேயே வைத்திருக்க விரும்புவதுதான் மறைத்தல். வாய் திறந்ததா இல்லையா என்பதைவிட, எந்த நோக்கத்தோடு வாய் மூடியது என்பதே அவருக்கு முதன்மையானது.

இஸ்லாமிய மரபு இதே பொருளில் ஈரத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. நபிகள் நாயகம் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் விளக்கம் கூறினார். நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று நாயகம் கடிந்தார் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மழை பெய்தது வணிகரின் குற்றமன்று; நனைந்ததைக் கீழே வைத்து உலர்ந்ததை மேலே வைத்ததுதான் குற்றம். இந்நெறியிலிருந்து, மறைந்த குறை பின்னர் வெளிப்பட்டால் வாங்குபவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்னும் உரிமையை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் வகுத்தனர்.

அருணந்தியார் வாழ்ந்த அதே 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதிய தாமஸ் அக்குவினாஸ், வெளிப்படையான குறைக்கும் மறைவான குறைக்கும் வேறுபாடு காண்கிறார். ஒற்றைக் கண் குதிரையின் குறையை எவரும் காணலாம். அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொண்டால் விற்பவர் அதை அறிவிக்க வேண்டியதில்லை. மறைந்திருப்பதும் வாங்குபவருக்குத் தீங்கோ இழப்போ விளைப்பதுமான குறையை அறிவித்தே தீர வேண்டும். மேலே கண்ட அளவை ஆராய்ச்சியும் இதே கோட்டைத்தான் வரைகிறது: காண்டல் எட்டுமிடத்தில் வாங்குபவரின் பொறுப்பு, எட்டாத இடத்தில் விற்பவரின் பொறுப்பு.

தமிழ் மரபு இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் வாய்மையை, நடந்ததை அப்படியே கூறுதல் என்று வரையறுக்காமல், தீமை சிறிதும் விளைக்காத சொல் என்று வரையறுத்துத் தொடங்குகிறது. சொல்லின் அளவுகோல் அது விளைக்கும் பயன் என்று ஆகிவிட்டால், சொல்லாமையும் அதே அளவுகோலால் அளக்கப்பட வேண்டியதாகிறது. எரிவாயுக் குழாய் கசிவதை அறிந்தும் வாளாவிருப்பவரின் மௌனத்தில் பொய்ச்சொல் ஒன்றும் இல்லை. ஆனால் தீமை உண்டு. ஆகவே வள்ளுவரின் இலக்கணப்படி அம்மௌனம் வாய்மைக்குப் புறம்பானது. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளோ, பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேணிச் செய்வதே வணிகருக்கு வணிகம் என்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையும் அங்கிருந்த வணிகரை இதே பண்பால் சிறப்பிக்கிறது: கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறையாகக் கொடுக்காமலும் அவர்கள் வாழ்ந்தனர். தன் மகள் உறங்கப்போகும் வண்டியாக இருந்தால் எதைச் சொல்லியிருப்பாரோ, அதை அயலாருக்கும் சொல்வதே இவ்வறத்தின் நடைமுறை. சட்டம் மகளுக்கும் அயலாருக்கும் இடையே கிழித்த கோட்டை அறம் இவ்வாறு அழித்துவிடுகிறது.

மறுப்புகளும் விடைகளும்

இம்முடிவுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, விலை குறைவாக இருப்பதே குறையை அறிவிக்கிறது என்பது. பழைய வண்டியின் விலை அதன் வயதுக்காகக் குறைந்துள்ளதா, மறைந்த குறைக்காகக் குறைந்துள்ளதா என்பதை வாங்குபவரால் விலையிலிருந்து பிரித்தறிய இயலாது. மேலும், 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு விளக்கியதும், பின்னர் 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமானதுமான ஆய்வு இங்கே கருதத்தக்கது. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் வாங்குபவரால் வேறுபடுத்த முடியாதபோது, அவர் இரண்டுக்கும் சராசரி விலையே தர முன்வருவார், அவ்விலைக்குத் தம் நல்ல வண்டியைத் தர மனமில்லாதவர்கள் சந்தையிலிருந்து விலகுவர், எஞ்சுபவை கெட்டவையே. மறைப்பவரின் மௌனம் தம்மிடம் வாங்கியவரோடு நில்லாமல், அடுத்து வரும் நேர்மையான விற்பவரையும் தண்டிக்கிறது.

இரண்டாவது, உள்ளது உள்ளபடியே விற்கிறேன் என்று முன்கூட்டியே கூறிவிட்டால் பொறுப்புத் தீர்ந்துவிடும் என்பது. தாம் அறியாத குறைகளுக்கு இக்கூற்று நேர்மையான காப்பாகும். தெரிந்த குறைக்கு இதையே கேடயமாக்குவது வேறு; அது அறியாமையைப் போல நடிக்கும் அறிவு. கறை படிந்த சுவரின்மேல் புதுத் தாள் ஒட்டியும், உளுத்த மூலையின்மேல் புதுப்பசை பூசியும் விற்பவர் இவ்வாறு கூறினால், அவர் கை செய்த வேலையே வாங்குபவரிடம் பொய் பேசியிருக்கிறது. அங்கே மௌனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது, விற்பவருக்கே தெரியாவிட்டால் என்ன செய்வது என்பது. ஓராண்டுக்கு முன் வாங்கி இன்று விற்பவர், நேரே அறிதல் என்னும் முதல் தகுதி இல்லாதவர். தெரியாததைத் தெரியாது என்று கூறுவதே அவருக்குரிய வாய்மை. ஒழுகாது என்று உறுதியாகச் சொல்வதும் ஒழுகுமா என்று தெரியாது என்று சொல்வதும், இரு கூற்றுகளும் பின்னர் ஒரே வண்டியைக் குறித்தவையாக முடிந்தாலும், அறத்தில் வெவ்வேறானவை.

வாங்குபவரின் அறம்

நடுவுநிலைமை இருபுறமும் பேசும் அறமாதலால், வாங்குபவருக்கும் கடமைகள் உண்டு. முதல் கடமை, தம்மால் காணக்கூடியதைக் காண்பது. ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும், சாதாரண கவனத்தால் உண்மையை அறிந்திருக்கக்கூடியவர் பின்னர் மௌனத்தைக் குறைகூறி ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ள முடியாது என்றே கூறுகிறது. பெருமழை பெய்த மறுநாள் வண்டியைப் பார்ப்பது, கூரைமேல் ஏறி இணைப்புகளை ஆராய்வது, அலமாரிகளைத் திறந்து மூலைகளை முகர்வது, டயரின் இலக்கங்களைப் படிப்பது, கடற்காற்றில் துருவேறியிருக்கக்கூடிய அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்ப்பது, மாற்றிக் கட்டிய வேனாக இருந்தால் அம்மாற்றத்துக்கு ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் உண்டா என்று கிரான் என்னும் வண்டிப் பதிவுச் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்வது ஆகியவை அவர் செய்ய வேண்டியவை. ஈரமானியின் ஊசிகள் சுவரில் துளை விடும் என்பதால், உடைமையாளரின் இசைவு பெற்றே குத்த வேண்டும். பணம் கைமாறும்வரை அது பிறர் பொருள்.

இரண்டாவது கடமை, விற்பவரின் அறியாமையைச் சுரண்டாமல் இருப்பது. கணவர் விட்டுச்சென்ற வண்டியின் மதிப்பறியாமல் விற்க முன்வரும் ஒருவரிடம், அவர் கேட்ட சொற்பத் தொகையைக் கொடுத்துப் பேசாமல் ஓட்டிச் செல்பவரும் மேலே ஆராய்ந்த அதே மௌனத்துக்கு உரியவர். இல்லாத குறைகளைக் கற்பித்து விலையை இறக்குவதும் பொய்தான். அறிவு யாரிடம் மிகுதியாக உள்ளதோ அவரிடமே கடமையும் மிகுதியாக உள்ளது என்னும் நெறி, விற்பவர், வாங்குபவர் என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது கடமை, கேட்பது. சட்டத்தின் மூன்றாம் குதிரைக் காட்டு உணர்த்துவது இதையே: தெளிவாகக் கேட்கப்பட்ட கேள்வி, மௌனத்தைப் பேச்சாக மாற்றிவிடுகிறது. கூரை எப்போதாவது ஒழுகியதுண்டா, எங்கே, எப்போது, யார் சரிசெய்தார். எரிவாயுக் குழாய் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது. விபத்தோ வெள்ளமோ நேர்ந்ததுண்டா. மறுத்துரைக்காவிட்டால் இவை யாவும் நலமாக இருப்பதாகக் கொள்ளலாமா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சந்தேகப்படுவது போலாகிவிடும் என்று தயங்குவோர் உண்டு. உண்மையில் அக்கேள்வி விற்பவருக்கு வாய்மையாளராக நிற்கும் வாய்ப்பை வழங்குகிறது.

மேற்கண்டவற்றால் பெறப்படும் முடிவு தெளிவானது. காணக்கூடிய குறையைப் பற்றி விற்பவர் பேசாதிருப்பது குற்றமாகாது. தாம் அறியாத குறைக்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். ஆனால் தாம் மட்டுமே அறிந்த, வாங்குபவரின் கண்ணும் கருவியும் எட்டாத, பொருளுக்கோ உயிருக்கோ கேடு விளைக்கக்கூடிய குறையை மறைத்து விற்பவர், ஒரு பொய்ச்சொல்லும் கூறாதவராயினும், வாய்மை தவறியவரே. பினாங்கில் பழைய மோட்டார்ஹோமை விற்க முனைவோர், விலை பேசுவதற்குமுன் ஒரு தாளை எடுத்துத் தமக்குத் தெரிந்த குறைகளையும், தமக்குத் தெரியாதவை எவை என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்; வாங்குவோர் அத்தாளைக் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். அதனால் விலையில் சில ஆயிரம் ரிங்கிட் குறையலாம். அந்தத் தொகை விற்றவருக்கு ஒருபோதும் உரியதாக இருந்ததில்லை.